வடகரையில் விடியற்காலைக் களரி

கேரளத்தின் தற்காப்புக் கலையான களரிப்பயட்டு பார்க்க ஆசை இருந்தால், சாயங்காலம் சுற்றுலாப் பயணிகளுக்காக டிக்கெட் போட்டு நடத்தும் காட்சிகளுக்குப் போகாதீர்கள். அந்தக் காசை மிச்சம் பிடித்து வடகரைப் பக்கம் போங்கள். விடியற்காலையில் எழுந்து, பிள்ளைகள் பயிற்சி எடுப்பதைப் பாருங்கள். ஊர் திரும்பியும் எனக்கு அந்தப் பரபரப்பு இன்னும் அடங்கவில்லை.

கோழிக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது வடகரை. வட கேரளத்தின் கதைப்பாடல்களான வடக்கன் பாட்டுகள் கொண்டாடும் தச்சோளி ஒதேனன் இந்தப் பக்கத்து வீரன். 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற மீனாட்சி அம்மா களரி சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கியதும் இங்கேதான்.

ரயிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டோதான் கடுப்பேற்றியது. இரண்டு கிலோமீட்டர்கூட வராத தூரத்துக்கு 150 ரூபாய் கேட்டார். ஒன்றரைக் கிலோமீட்டர் வரை 30 ரூபாய் என்று 2022-இல் அரசு நிர்ணயித்ததை எடுத்துச் சொன்னால், மழை, மூட்டை, திரும்பும்போது காலி வண்டி என்று காரணம் மேல் காரணம். மல்லுக்கட்டி 100-க்கு இறக்கினேன். அதுவே அநியாயம். மறுநாளிலிருந்து எல்லா இடத்துக்கும் நடைதான்.

நாங்கள் போனது ஒரு குழிக்களரி, அதாவது பள்ளமாக அமைந்த பயிற்சிக் களம். தரையைத் தோண்டி, 42 அடி நீளம், 21 அடி அகலத்தில் அமைப்பது மரபு. கிழக்கு வாசல் வழியாக இறங்கினால் மண் குளிர்ச்சி காலில் ஏறுகிறது. தென்மேற்கு மூலையில் ஏழு படி வைத்த பூத்தற என்ற வழிபாட்டு மேடை, மேலே பூவும் விளக்கும். நல்லெண்ணெய் வாசனை.

அங்கே இருந்த குருக்கள் (களரி ஆசானை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, "குட்டிகள் இப்போ வரும்" என்றார். என் நண்பருக்கு மலையாளம் அரைகுறை, தைரியம் மட்டும் முழுசு. வாசலில் ஒரு ஆட்டுக்குட்டி துள்ளிக்கொண்டிருந்ததால் அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "கெட்டணோ குருக்களே?" என்று கேட்டார். கட்டணுமா என்று அர்த்தம். "பின்னே! கெட்டாதே பற்றுமோ?" என்றார் குருக்கள், கட்டாமல் முடியுமா என்று. நண்பர் எழுந்து கயிறு தேட ஆரம்பித்துவிட்டார். அதற்குள் இடுப்பில் கச்சை கட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். மலையாளத்தில் குட்டிகள் என்றால் பிள்ளைகள்; குருக்கள் சொன்னது கச்சை கட்டுவதை. விஷயம் புரிந்ததும் குருக்கள் சிரித்த சிரிப்பில் பயிற்சியே கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கியது.

அப்புறம் நடந்ததுதான் அற்புதம். குருக்கள் வாய்த்தாரி என்ற வாய்மொழிக் கட்டளைகளைச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் ஒரே வீச்சில் காலைத் தலைக்கு மேலே உயர்த்துகிறார்கள். அடுத்த நொடி வயிறு தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்கிறார்கள். யானை, சிங்கம், குதிரை, பன்றி, மயில், பாம்பு, பூனை, சேவல் என மிருகங்களைப் போல நிற்கும் எட்டு வடிவுகள். பன்றி வடிவில் ஒரு சின்னப் பெண் முழங்காலை மடக்கி, தலையைத் தாழ்த்தி முன்னால் பாய்ந்தாள் பாருங்கள், நான் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

வெளியே வந்தால் அந்த ஆட்டுக்குட்டியும் ஒரு செம்பட்டை நாயும் தனியாக ஒரு களரி நடத்திக்கொண்டிருந்தன. நாய் முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி வாலாட்டுகிறது. விளையாடக் கூப்பிட நாய்கள் செய்வது இது. குட்டி பின்னங்காலில் எழுந்து, தலையைச் சாய்த்து, நேராக அதன் நெற்றியில் முட்டுகிறது. நாய் வலிக்காமல் காதைக் கவ்வி விட்டுவிடுகிறது. மறுபடியும் கூப்பிடுகிறது. மிருகங்களைப் பார்த்து வடிவுகளை உண்டாக்கியவர்கள் எவ்வளவு நேரம் இப்படி நின்று பார்த்திருப்பார்கள்!

பசி எடுத்து ஒரு சின்னக் கடையில் அரிக்கடுக்கா சாப்பிட்டோம். கல்லுமக்காய் என்ற கடல் சிப்பியின் ஓட்டுக்குள் அரிசிமாவை அடைத்து வேகவைத்து, மசாலா தடவிப் பொரித்தது. ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் இன்னும் இரண்டு தட்டு வாங்கியிருக்கலாம்.

போவதென்றால் மழைக்காலம் பார்த்துப் போங்கள். களரிப் பயிற்சி மரபாகத் தொடங்குவது அப்போதுதான், எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடும் உழிச்சிலுக்கும் அதுவே காலம். முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், செருப்பை வெளியே விடுங்கள், ஆட்டோவில் ஏறும் முன்பே பேரம் பேசிவிடுங்கள்.