கிட்னிய வித்தா யாருக்கு என்ன நஷ்டம்?

சென்னைல ஒரு காலேஜ்ல தத்துவம் சொல்லிக் கொடுக்கிறேன், இருபது வருஷம் ஆகப் போகுது. எதையெல்லாம் காசுக்கு விக்கலாம், எதை விக்கவே கூடாது, இதுதான் என் ஆராய்ச்சி.

வருஷா வருஷம் கிளாஸ்ல ஒருத்தராவது கேட்ருவாங்க, என் கிட்னிய நானே இஷ்டப்பட்டு விக்கிறேன், வாங்குறவர் உயிர் பிழைக்கிறார், இதுல யாருக்கு என்ன நஷ்டம்னு. வறுமைல கொடுக்கிற சம்மதம் சம்மதமே இல்லன்னு சொல்லிட்டு இருந்தேன். ஆனா அப்படிப் பாத்தா வறுமைக்காக செய்யுற எந்த வேலையுமே சம்மதத்தோட செய்யுறது இல்லன்னு ஆயிடும், அது எனக்கே உறுத்திட்டு இருந்துச்சு.

2009ல வில்லிவாக்கம் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு எம்.ஏ படிச்சா. அந்த ஏரியாவ ஒரு காலத்துல கிட்னிவாக்கம்னே சொல்லுவாங்க. கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் வந்து சொன்னா, உறுப்பு விக்கிறதத் தடை பண்ணின 1994 சட்டம் வர்றதுக்கு முன்னாடி அவ பெரியம்மா கிட்னிய வித்தாங்களாம். "விலாவுக்குக் கீழ இவ்ளோ நீளத்துக்குத் தழும்பு மேடம், தண்ணிக் குடத்த இடுப்புல வைக்க முடியாது, எங்கம்மாதான் ரெண்டு வீட்டுக்கும் தூக்குவாங்க." கடன் அடைஞ்சுதான்னு கேட்டேன். அடைஞ்சுது, ரெண்டு வருஷத்துல மறுபடியும் வாங்கிட்டாங்கன்னா.

அப்புறம் சொன்னதுதான் என்னைத் தூங்க விடல. அவங்கம்மா கடன் கேட்டுப் போனப்போ வட்டிக்காரர், "உங்கக்கா கொடுத்தாங்கல்ல, உனக்கும் ரெண்டு இருக்குல்ல"ன்னு கேட்டாராம்.

சென்னைல கிட்னி வித்த 305 பேர்கிட்ட எடுத்து 2002ல வெளியான ஆய்வு ஒண்ணு இருக்கு, அதுல 96% பேர் வித்தது கடனுக்காக, அப்படி வித்தவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு ஆய்வு நடந்தப்பவும் கடன் இருந்துச்சு, குடும்ப வருமானம் மூணுல ஒரு பங்கு குறைஞ்சே போச்சு. இதெல்லாம் நான் பாடமாவே நடத்துனதுதான். அமெரிக்க மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன் சென்னைக்கு வந்து பாத்து, கிட்னி விக்கிற பழக்கம் இருக்கிற இடத்துல அது கடனுக்கு ஈடு மாதிரி ஆயிடுதுன்னு எழுதினதையும் படிச்சிருக்கேன், அமெரிக்க தத்துவப் பேராசிரியர் டெப்ரா சாட்ஸ் அத எடுத்து வெச்சு வாதாடினதையும் படிச்சிருக்கேன், ஆனா அந்தப் பொண்ணு சொன்னப்புறம்தான் புரிஞ்சுது. அவங்கம்மா எதையும் விக்கல, ஆனா ரெண்டு பேர் மனசொத்து செஞ்ச வியாபாரம் அவங்க வாசல்ல வந்து நின்னுச்சு.

இப்பல்லாம் முதல் நாள் போர்டுல சம்மதம்னு எழுதறது இல்ல. வித்தவங்க, வாங்கினவங்க, பக்கத்து வீட்டுல விக்காம இருக்கறவங்கன்னு மூணு பேர எழுதிட்டு, மூணாவது ஆள்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.