அண்ணன் என்று ஒருவர்

நான் மொழிபெயர்ப்பாளர். எழுத்தில் அல்ல, வாயால். அந்தக் காலத்தில் துபாஷி என்பார்கள். காவல் விசாரணை, மருத்துவப் பரிசோதனை, வழக்கறிஞர் அலுவலகம், நீதிமன்றம், காப்பகம் என்று எங்கே தமிழ் மட்டும் பேசும் ஒருவரும் தமிழே தெரியாத ஓர் அதிகாரியும் எதிரெதிரே உட்காருகிறார்களோ, அங்கே நடுவில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கும். பாலியல் சுரண்டலுக்காக விற்கப்பட்டவர்களின் வழக்குகளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கற்றதையும் தவறியதையும் எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களைக் கலைத்துப் போட்டிருக்கிறேன்.

தவறியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிது. அழைத்து வந்தது யார் என்று அதிகாரி கேட்டார். “அண்ணன்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். விமான நிலையத்துக்கு வந்ததும் அவர்தான்” என்றாள் அந்தப் பெண். நான் “பிரதர்” என்றேன். அகராதி என் பக்கம் இருந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்த அமர்வில் அவளுடைய உடன்பிறந்த அண்ணனின் பெயர், வயது, தொலைபேசி எண் என்று கேள்விகள் வரிசையாக வந்தன. அவள் முகம் வெளுத்துவிட்டது. “என் அண்ணனைப் பற்றி எதற்குக் கேட்கிறார்கள்? வீட்டுக்குச் சொல்லிவிட்டார்களா?” வீட்டுக்குத் தெரியக் கூடாது என்ற ஒன்றைத்தான் முதல் நாளிலிருந்து அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அன்று அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கோப்பில் இரண்டு வாரம், தங்கையை விற்ற அண்ணனாக, எதுவும் அறியாத ஒரு மனிதன் இருந்தான். அவனை அங்கே வைத்தது நான்.

முன்பின் தெரியாதவரையும் அண்ணன் என்று கூப்பிடுகிற மொழி நம்முடையது. அந்த வசதியை இந்தத் தொழில் நடத்துகிறவர்கள் நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். ஆள் பிடிப்பவன் அண்ணன். வழியில் தங்க இடம் கொடுப்பவள் அத்தை. அறைகளை நடத்துகிறவள் அம்மா. நான் கேட்ட வாக்குமூலங்களில் முதலாளி என்ற சொல் வந்ததே அபூர்வம். அடிமை என்ற சொல் ஒருமுறைகூட வந்ததில்லை. அந்தத் தவறுக்குப் பிறகு உறவுச் சொல் எதையும் நான் ஆங்கிலமாக்குவதில்லை. அண்ணன் என்றே சொல்லிவிட்டு, இது இரத்த உறவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்ப்பேன்.

தமிழில் இன்னொரு சிக்கல் இந்தக் குற்றத்தின் பெயரிலேயே இருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் கடத்தல், எல்லை தாண்டித் தங்கம் கொண்டுவருவதும் கடத்தல், மனிதரை விற்பனைப் பொருளாக்குவதும் கடத்தல். கிட்நாப்பிங், ஸ்மக்லிங், டிராஃபிக்கிங் என்று ஆங்கிலத்தில் தனித்தனியாக நிற்கும் மூன்றும் நம் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. “உங்களைக் கடத்தினார்களா?” என்று அதிகாரியின் கேள்வியை நான் தமிழில் கேட்டால், பதில் பெரும்பாலும் “இல்லை” என்றுதான் வரும். அவள் மனதில் கடத்தல் என்றால் வாயைப் பொத்தி வண்டிக்குள் தள்ளுவது. அவளோ தன் காலால் நடந்து போய், கையசைத்து விடைபெற்று, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து வந்தவள்.

ஆனால் அந்த “இல்லை”யைச் சட்டம் வேறு மாதிரிப் பார்க்கிறது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட, பலெர்மோ நெறிமுறை என்று அழைக்கப்படும் உடன்பாடு இந்தக் குற்றத்தை மூன்று துண்டாகப் பிரிக்கிறது. ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, கைமாற்றுவது, தங்கவைப்பது, பெற்றுக்கொள்வது ஆகியவை செயல். மிரட்டல், வன்முறை, ஏமாற்று, ஒருவரது கையறுநிலையைப் பயன்படுத்திக்கொள்வது போன்றவை வழி. சுரண்டல் நோக்கம். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் நடுவில் உள்ள ‘வழி’யை நிரூபிக்கவே வேண்டியதில்லை, செயலும் நோக்கமும் போதும். எல்லை தாண்டி ஆட்களைக் கொண்டுபோகும் ஸ்மக்லிங்குக்கு அதே நாளில் தனியாக வேறொரு நெறிமுறை ஏற்கப்பட்டது. அந்தக் குற்றம் நாட்டின் எல்லைக்கு எதிரானது, ஆள் வந்து இறங்கியதும் முடிந்துவிடும். இது மனிதருக்கு எதிரானது, அநேகமாக வந்து இறங்கிய பிறகுதான் தொடங்கும், எல்லை தாண்டியே ஆகவேண்டும் என்பதுமில்லை. பக்கத்துத் தெருவில் விற்றாலும் இதே குற்றம்தான். இவ்வளவு வேறுபாட்டையும் ‘கடத்தல்’ விழுங்கிவிடுகிறது. ‘மனித வணிகம்’ ஓரளவு நெருங்குகிறது. அறையில் அந்தச் சொல்லைச் சொன்னால் யாருக்கும் புரியாது என்பது வேறு விஷயம்.

எனவே இப்போது விசாரணைக்கு முன்பே, கேள்விகளைச் சட்டச் சொற்களில் கேட்காதீர்கள் என்று அதிகாரியிடம் சொல்லிவிடுகிறேன். என்ன வேலை என்று சொன்னார்கள், வந்து சேர்ந்த அன்று இரவு எங்கே படுத்தீர்கள், பாஸ்போர்ட் யாரிடம் இருந்தது, கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்கச் சொல்வேன். எல்லா அதிகாரிகளும் இதை விரும்புவதில்லை. மொழிபெயர்ப்பாளர் தன் வேலையைப் பார்த்தால் போதும் என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். சொல்லிவிட்டு, தாழ்ப்பாள் கேள்வியை மட்டும் கேட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2003இல் இப்படி விற்கப்பட்ட பெண்களை நேர்காணல் செய்வதற்கென்று பத்துப் பரிந்துரைகள் வெளியிட்டது. முதலாவது, தீங்கு செய்யாதே. மொழிபெயர்ப்பாளரைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள் என்பதும் அந்தப் பத்தில் ஒன்று. முதன்முறை படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. பிறகு ஒரு நாள், தண்ணீர் கொண்டுவர அதிகாரி எழுந்து போன அரை நிமிடத்தில், ஒரு பெண் என்னிடம், “அக்கா, நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்டாள். பாசத்தில் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஊரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சிரித்து மழுப்பினேன். அவள் கண் என் கையில் இருந்த தொலைபேசிக்குப் போனது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஓர் அக்காவை அல்ல, தன் மொழி பேசுகிற, அண்ணனுக்குத் தெரிந்தவளாக இருக்கக்கூடிய, ஊருக்குச் செய்தி சொல்லக்கூடிய ஒருத்தியை. அன்றிலிருந்து தொலைபேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். கையில் எதுவும் இல்லை என்பது தெரிகிற மாதிரி மேசைமேல் கைகளை வைத்துக்கொள்கிறேன்.

விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் சங்கிலி, கயிறு, வாயில் ஒட்டிய டேப் எல்லாம் பார்க்கிறோம். இத்தனை வருடத்தில் நான் ஒரு சங்கிலியையும் பார்த்ததில்லை. நான் பார்த்தது ஒரு கோடு போட்ட நோட்டு.

சோதனையில் கைப்பற்றிய அந்த நோட்டை வரிவரியாகப் படித்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள். முதல் பக்கத்தில் பயணச் செலவு. அதற்குக் கீழே தேதிவாரியாகத் துணி, சோப்பு, அறை வாடகை, மருந்து. நடுநடுவே, “உடம்பு சரியில்லை, இரண்டு நாள்.” அதற்கும் ஒரு தொகை, பற்றுப் பக்கத்தில். “பேச்சுக் கேட்காதது” என்று ஒரு வரி, அதற்கு அபராதம். வரவுப் பக்கத்தில் ஏதோ இருந்தது, ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பாக்கி முந்தைய பக்கத்தைவிடக் கூடியே இருந்தது. கையெழுத்து குண்டு குண்டாக, அழகாக இருந்தது. யார் எழுதியது என்று அதிகாரி கேட்டார். “நான்தான்” என்றாள் எதிரே இருந்த பெண். “அம்மாதான் எழுதச் சொன்னார். கணக்கை நீயே எழுது, நாளைக்கு என்மேல் சந்தேகம் வரக் கூடாது என்றார்.”

பின்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த நோட்டைத் தூக்கிக் காட்டி, இது உங்கள் கையெழுத்துத்தானே என்று கேட்டபோது, அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். செய்யும் வேலையின் மதிப்பு கடனில் கழியாமல் போனால், அல்லது அந்த வேலைக்குக் கால வரையறையே இல்லாமல் போனால் அது கடன் அடிமைத்தனம் என்று 1956ஆம் ஆண்டின் ஐ.நா. துணை உடன்படிக்கை சொல்கிறது. தமிழில் அதற்குக் கொத்தடிமை என்று பழைய சொல்லே இருக்கிறது. ஆனால் அது நமக்குச் சூளையையும் குவாரியையும்தான் நினைவுபடுத்தும். சோப்புக்கும் காய்ச்சலுக்கும் கணக்கு எழுதிய அந்த நோட்டு எந்தச் சூளை முதலாளியின் பேரேட்டுக்கும் குறைந்ததில்லை.

லாபம் இங்கே சூளையைவிடப் பல மடங்கு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021இல் உலகில் 4 கோடியே 96 லட்சம் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருந்தார்கள். அவர்களில் 63 லட்சம் பேர் கட்டாயப் பாலியல் வணிகத்தில் சிக்கியவர்கள். கட்டாய உழைப்பிலிருந்து ஆண்டுக்கு 23,600 கோடி டாலர் சட்டவிரோத லாபம் வருகிறது என்றும், அதில் 73 விழுக்காடு பாலியல் சுரண்டலிலிருந்து என்றும் அதே அமைப்பு 2024இல் கணக்கிட்டது. கட்டாய உழைப்பில், அரசு அல்லாமல் தனியார் கையில் சிக்கியவர்களில் நான்கில் ஒருவர் சொச்சம்தான் இந்த வகை. வருவது முக்கால் பங்கு பணம். ஓர் ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 27,252 டாலர். இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு அந்தக் குண்டு எழுத்துத்தான் கண்முன் வந்தது. அந்தக் கணக்கின்படி அவள் கடனாளி.

அந்த 63 லட்சத்தில் 49 லட்சம் பேர் பெண்களும் சிறுமிகளும். மீதி ஆண்களும் பையன்களும். அப்படி ஒரு பையனுக்கு ஒரே ஒருமுறை மொழிபெயர்த்தேன். நடந்ததைச் சொல்ல அவனிடம் ஒரு சொல்லும் இல்லை. “அந்த வேலை” என்பான், அதிகாரி எந்த வேலை என்பார், “அதுதான்” என்பான். மூன்று மணி நேரம் இதுவே நடந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோதனை நடந்த ஓர் இடத்திலிருந்து கொண்டுவந்த பெண்களில் ஒருவர், நடுத்தர வயது, என்னைப் பார்த்து, “நான் மீட்கச் சொல்லி யாரையும் கேட்கவில்லை, அதை அப்படியே சொல்லுங்கள்” என்றார். அப்படியே சொன்னேன். பாலியல் தொழிலில் இருப்பவர் எல்லாரும் விற்கப்பட்டவர் அல்லர். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் விற்கப்பட்டவளுக்குத்தான் நட்டம் என்பது என் எண்ணம். தலைக்கணக்குக் காட்டும் அவசரத்தில் அவளிடம் தாழ்ப்பாள் கேள்வியைக் கேட்க ஆள் இருப்பதில்லை.

என் இரண்டாவது பெரிய தவறு ‘நானாகத்தான்’ என்ற சொல்லில் நடந்தது. “யாரையும் குறை சொல்ல முடியாது, நானாகத்தான் போனேன்” என்றாள் ஒருத்தி. ‘முழு விருப்பத்துடன்’ என்று பொருள்படும் ஒரு சட்டச் சொல்லை ஆங்கிலத்தில் எடுத்துப் போட்டேன். இடைவேளையில் காப்பகத்தின் வழக்கறிஞர் என்னை ஓரமாக அழைத்து, அவர் வாயிலிருந்து வந்த சொல் எது, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். இரண்டுமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தபோதுதான் எனக்கே கேட்டது. அந்தச் சொல்லில் விருப்பம் எங்கேயும் இல்லை. இருந்தது தலையில் அடித்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் நொந்துபோன குரல். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று நம்பி வந்தவள் அவள். ஏமாற்றிப் பெற்ற சம்மதம் சம்மதமாகக் கணக்கில் வராது என்று பலெர்மோ நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது என்பதால் வழக்கு பிழைத்தது. இடைவேளை முடிந்ததும், மொழிபெயர்ப்பில் பிழை, திருத்துகிறேன் என்று பதிவுக்காகச் சொன்னேன். காது சூடாகிவிட்டது.

எங்கள் வேலையில் படர்க்கை கிடையாது. ‘அவள் சொல்கிறாள்’ என்று தொடங்கக் கூடாது. அவள் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’. ஒரு நாளில் ஆறு மணி நேரம் இன்னொருத்தியின் ‘நான்’ஆக இருந்துவிட்டு, குறிப்புத்தாள்களை அங்கேயே இயந்திரத்தில் போட்டுக் கிழித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். சில நாட்களில் வீட்டில் யாராவது “நீ” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரமாகும். இதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. எனக்கு வீடு திரும்ப முடிந்தது.

கணக்கு நோட்டு எழுதிய பெண்ணின் வாக்குமூலம் எழுதி முடிக்க நான்கு அமர்வுகள் ஆயின. அவளுக்குத் தேதிகள் நினைவில்லை. “இரண்டாவது பெண் வந்த பிறகு”, “ஜன்னலுக்கு அட்டை அடிப்பதற்கு முன்னால்” என்றுதான் காலத்தைச் சொன்னாள். கடைசி நாள், ஆங்கிலத்தில் தட்டச்சான பக்கங்களை நான் தமிழில் படித்துக் காட்ட வேண்டும், அவள் கேட்டுக் கையெழுத்திட வேண்டும். அமைதியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஐந்தாம் பக்கத்தில், “அம்மா என்னை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினார்” என்று படித்தேன்.

“நிறுத்துங்கள், அக்கா” என்றாள். “பூட்டினார் இல்லை. பூட்டினாள்.”

அதிகாரியிடம், ஒரு திருத்தம் சொல்கிறார் என்றேன். பேனாவை எடுத்துக்கொண்டு எந்த வரி என்று கேட்டார். விளக்கினேன். அவர் அந்த வரியை இரண்டுமுறை படித்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் ‘லாக்ட்’ என்று இருந்தது. அதில் ஆரும் இல்லை, ஆளும் இல்லை. திருத்த இடமில்லாமல் பேனாவைக் கீழே வைத்தார்.

மீதி நான்கு பக்கங்களையும் ‘ஆள்’ போட்டே படித்தேன்.