ஏடன் பக்கம் போன பிள்ளைகள்

ருயென் கப்பலை நம் கடற்படை மீட்டதை எங்கள் உவரியில் இன்றைக்கும் பேசுவோம். 2023 டிசம்பரில் சோமாலியக் கொள்ளையர்கள் பிடித்த கப்பல் அது. மாலுமிகள் மூன்று மாதம் துப்பாக்கி முனையில். 2024 மார்ச்சில் நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். கொல்கத்தா அதை மறித்தது. இந்தியக் கரையிலிருந்து 2,600 கிலோமீட்டருக்கு அப்பால், விமானப்படையின் சி-17 சரக்கு விமானத்திலிருந்து மார்கோஸ் என்னும் கடற்படைக் கமாண்டோ வீரர்கள் பாராசூட்டில் நடுக்கடலில் குதித்தார்கள், படகுகளோடு! நினைத்தாலே சிலிர்க்கிறது. 40 மணி நேரத்தில் 35 கொள்ளையர்களும் சரண். 17 மாலுமிகளும் உயிரோடு மீண்டார்கள்.

என் தம்பியும் கப்பலில்தான் வேலை பார்க்கிறான். கொள்ளையர் பயமுள்ள ஏடன் வளைகுடாவை அவன் கப்பல் தாண்டும்வரை அம்மாவுக்குச் சோறு இறங்காது. அந்தோணியார் கோயிலுக்குப் போனால், "ஏல, அந்தப் பட்டாளத்துப் பிள்ளைகளுக்கும் சேத்து ஒரு மெழுகுவர்த்தி ஏத்து" என்பாள். அந்தக் கடலில் நம் ரோந்து ஒருநாளும் குறையக் கூடாது.