உறைபனி, பேட்டரி, பேட்டன்ட்: கோவை ஏஜென்டிடம் பட்ட பாடு

போன மாதம் பேட்டன்ட் (காப்புரிமை) சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிட்டது. என் பெயரும் என் மனைவியின் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. சந்தோஷம்தான். ஆனால் நடுவில் பட்ட எரிச்சல் இன்னும் முழுசாக ஆறவில்லை. சொந்தமாக ஒரு கருவியைச் செய்து வைத்துக்கொண்டு ‘இதற்கு பேட்டன்ட் போடலாமா’ என்று யோசிப்பவர்கள், காசு கொடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

ஊட்டியில் மருத்துவக் கருவிகள் பழுதுபார்க்கும் சின்னக் கடை என்னுடையது. நெபுலைசர், சக்‌ஷன் மெஷின், கையில் தூக்கிப்போகிற ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் எல்லாம் வரும். டிசம்பர், ஜனவரியில் ஒரே புகார்தான்: ‘காலையில சார்ஜ் ஏற மாட்டேங்குது.’ தலைக்குந்தா, சாண்டிநல்லா பக்கம் ராத்திரி முழுக்க ஜீப்பிலேயே கிடக்கும் கருவி. விடிகாலையில் உறைபனி. லித்தியம்-அயன் செல்லை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் போகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். நல்ல பேட்டரி என்றால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டே சார்ஜைத் தடுத்துவிடும். மலிவான பேட்டரி அந்தக் குளிரிலும் சார்ஜை ஏற்றுக்கொண்டு, கொஞ்ச நாளில் கெட்டுப்போகும்.

நாங்கள் செய்தது ஒரு பை. உள்ளே சோடியம் அசிடேட் கரைசல். ஒரு தகட்டைக் கட்டைவிரலால் ‘டிக்’ என்று மடக்கினால் அந்த இடத்திலிருந்து வெள்ளை ஊசிகள் கிளம்பி, கண்ணெதிரே பை முழுக்கப் படிகமாகி இறுகும். அப்போது வெளிவரும் வெப்பம்தான் பேட்டரியைச் சூடாக்குகிறது. பேட்டரியிலிருந்து துளி மின்சாரம் எடுப்பதில்லை. வெந்நீரில் போட்டு எடுத்தால் மறுபடி தயார். சிக்கல் என்னவென்றால் இந்த உப்பு 58 டிகிரியில் உருகுவது; படிகமாகும்போது அதை ஒட்டிய சூடு வரும். செல்லை 45 டிகிரிக்கு மேல் வைத்து சார்ஜ் செய்வதும் நல்லதல்ல. நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, தையல் வேலை செய்யும் என் மனைவி, ‘ஏங்க, பைக்கும் பேட்டரிக்கும் நடுவுல ஒரு மெத்தை வெச்சுத் தைச்சா போதாதா? மத்தியில தடிமனா, ஓரத்துல மெலிசா’ என்றாள். அந்தத் தடிமன் மாறுகிற தடுப்புதான் கடைசியில் எங்களைக் காப்பாற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விண்ணப்பத்தை எழுதித் தாக்கல் செய்து தர கோவையில் ஒருவரைப் பிடித்தோம். கண்ணாடிக் கதவு, ஏசி அறை, சுவர் நிறைய சான்றிதழ். அவர் பதிவு பெற்ற பேட்டன்ட் ஏஜென்டே இல்லை, வேறு யாரோ ஒருவரின் கையெழுத்தில் வேலை செய்கிறார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஏஜென்டுகளின் பட்டியல் பேட்டன்ட் துறையின் இணையதளத்திலேயே இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே பதிவு எண்ணைக் கேளுங்கள். முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் ‘சர்ச்’ என்று, அதாவது இதே மாதிரி ஏற்கனவே ஏதாவது இருக்கிறதா என்று தேட, ஒரு தொகை வாங்கினார். அறிக்கை தடியாக வந்தது. திறந்து பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் சிலிக்கான் உலைகள். ‘படிகம்’ என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு சி30பி என்ற வகைப்பாட்டில் (பேட்டன்ட்களைத் துறைவாரியாகப் பிரிக்கும் குறியீடு) மட்டும் தேடியிருக்கிறார். அது ஒற்றைப் படிகம் வளர்ப்பவர்களின் இடம். 1916-இல் யான் சோக்ரால்ஸ்கி கண்டுபிடித்த, உருகியதிலிருந்து படிகத்தை மெல்ல இழுத்தெடுக்கும் முறை, அதன் வழித்தோன்றல்கள், சபையர் வளர்ப்பு எல்லாம் அங்கே இருக்கும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே படிக வளர்ச்சி மையம் உண்டு; அங்கே ஒரு படிகத்தைக் குறையில்லாமல் வளர்க்கப் பாடுபடுகிறார்கள். எங்கள் பைக்குள் கன்னாபின்னாவென்று இறுகுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாங்கள் தேடவேண்டியிருந்தது சி09கே 5/06, அதாவது உருகி உறைந்து வெப்பத்தைச் சேமிக்கும் பொருள்கள். எச்01எம் 10/615, பேட்டரியைச் சூடாக்குவது. அப்புறம் மூச்சுக் கருவிகளுக்கான ஏ61எம். இதைக் கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட் என்ற தேடுதளங்களில் காசில்லாமல் நானே ராத்திரிகளில் உட்கார்ந்து தேடினேன். கைச்சூடு பைகளுக்கு எக்கச்சக்கமாக பேட்டன்ட் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கட்டிய பணம் போனது போனதுதான்.

அடுத்தது தற்காலிக விண்ணப்பம். இதைப் போட்ட 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, தற்காலிக விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் விஷயத்துக்கு மட்டும்தான் அந்த முதல் தேதி (யார் முந்தினார் என்று பார்க்கும் தேதி) செல்லும் என்பது. அவர் தயாரித்து அனுப்பியது இரண்டே பக்கம், படம் கிடையாது. ‘இப்போதைக்கு இது போதும் சார், டீடெய்ல்ஸ் அப்புறம் சேத்துக்கலாம்’ என்றார். கண்டுபிடிப்பாளர், விண்ணப்பதாரர் இரண்டு இடத்திலும் என் பெயர் மட்டும். மனைவியின் பெயர் எங்கே என்று கேட்டதற்கு, ‘வீட்டம்மா பேரு எதுக்கு சார், ரெண்டு பேர்னா கையெழுத்து அலைச்சல்’ என்றார். தைத்துக் காட்டியதே அவள்தான் என்று சொல்லி, பெயரைச் சேர்த்து, தடுப்பின் குறுக்குவெட்டுப் படத்தையும் தடிமன் அளவுகளோடு வைத்தே ஆக வேண்டும் என்று நின்றேன். முனகிக்கொண்டே சேர்த்தார்.

அவருக்கும் தெரியாத ஒரு லாபம் இதில் இருந்தது. விண்ணப்பதாரர்கள் எல்லோரும் தனிநபர்களாக இருந்து, அதில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் விரைவுப் பரிசோதனை, அதாவது பேட்டன்ட் துறை விண்ணப்பத்தைச் சீக்கிரமாக ஆராய்வது, கேட்கலாம். படிவம் 18ஏ. தனிநபருக்கு 8,000 ரூபாய்; சாதாரணப் பரிசோதனைக்கு 4,000. கூடவே படிவம் 9-க்கு 2,500 கட்டி முன்கூட்டியே வெளியிடச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 18 மாதம் கழித்துத்தான் விண்ணப்பம் வெளியாகும். இதற்காக மட்டும் சம்பந்தமில்லாத பெண் பெயரைச் சேர்க்காதீர்கள், அது பொய் உறுதிமொழியாகிவிடும். உண்மையிலேயே வேலை செய்தவரின் பெயரை விட்டுவிடவும் கூடாது.

இதற்கு நடுவில், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, ஒரு கல்லூரிக் கண்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். ‘போங்க சார், விளம்பரம்தானே’ என்று இந்த மனுஷரே உற்சாகப்படுத்தினார். நான் போகவில்லை. கண்காட்சியில் காட்டிவிட்டு 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்ற சலுகை மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்குத்தான். ஊர்க் கண்காட்சிக்குக் கிடையாது. மேசையில் வைத்து நாலு பேருக்கு விளக்கினால் பேட்டன்டுக்கு வேண்டிய புதுமை போச்சு.

முழு விண்ணப்பத்தின் வரைவைப் பார்த்தபோதுதான் பொறுமை போனது. முதல் க்ளெய்மே (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகம்), ‘குளிர்ப் பிரதேசத்தில் நோயாளிக்கு ஆக்சிஜன் அளிக்கும் முறை’ என்று ஆரம்பித்தது. காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 3(i): மனிதருக்குச் செய்யும் மருத்துவ, அறுவை, நோயறியும் முறைகளுக்குக் காப்புரிமை இல்லை. கருவிக்கு உண்டு, சிகிச்சை முறைக்கு இல்லை. அடிப்படை பாடம் இது. அமெரிக்கப் பொறியாளர் வில்சன் கிரேட்பாட்சின் பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) பேட்டன்ட், 1962-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்டது, இணையத்தில் கிடைக்கிறது, எடுத்துப் பாருங்கள். கருவியைத்தான் வர்ணிக்கிறது. லித்தியம்-அயோடின் பேட்டரியோடு பேஸ்மேக்கர் மனித உடம்புக்குள் போனது பத்து வருஷம் கழித்து, 1972-இல். கருவி வேறு, அதற்குள் இருக்கும் மின்கலம் வேறு, ஒவ்வொன்றையும் தனியாக யோசிக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அதைப் படித்துத்தான்.

அதோடு அவருக்கு ஒரு கும்பிடு. நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்தோம். பாக்கிக் கோப்புகளைத் தர அவர் இழுத்தடித்தது தனிக் கதை.

நாமே இணையத்தில் தாக்கல் செய்ய டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். இதில் மாட்டியது என் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் மட்டும். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகக் கடைசியில். போனில் கேட்டபோது ‘ரெண்டு கார்டும் எடுத்துட்டு வாங்க, போதும்’ என்ற, டிஜிட்டல் கையெழுத்து வாங்கித் தரும் கடைக்காரர், நேரில் போய் நின்றதும், ‘பேரு ஒண்ணா இல்லையே சார்’ என்று கையை விரித்தார். அன்றைக்குப் பர்லியார் பக்கம் மரம் விழுந்து ரோட்டில் மணிக்கணக்காகக் கிடந்துவிட்டுப் போயிருந்தேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. ஆதாரில் பெயரைத் திருத்தி, கைபேசியில் முகம் காட்டிச் சரிபார்க்கும் வீடியோவை சிக்னலுக்காக மொட்டை மாடியில் நின்று எடுத்து, ஒருவழியாக டிஜிட்டல் கையெழுத்து அடங்கிய டோக்கன் வந்தது. மலையில் இருப்பவர்கள் இந்த வேலையை மழைக்காலத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

விண்ணப்பம் இந்தியில் அல்லது ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், தமிழில் ஏற்கமாட்டார்கள். நான் தமிழில் எழுதி, கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் ஆங்கிலத்தில் மாற்றினான். 30 பக்கம், 10 க்ளெய்ம் வரை அடிப்படைக் கட்டணம், தனிநபருக்கு 1,600 ரூபாய். தாண்டினால் ஒவ்வொரு க்ளெய்முக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் காசு. தாக்கல், வெளியீடு எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தது.

முதல் பரிசோதனை அறிக்கை வந்த அன்று ராத்திரி தூக்கமில்லை. ஒரு பழைய கைச்சூடு பை, ஒரு பேட்டரி ஹீட்டர், இரண்டையும் சேர்த்தால் இதுதானே, இதில் கண்டுபிடிப்பு என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். தெரிந்த பொருள்களை வரிசைப்படுத்தி வைத்தது மட்டும்தான் என்று பிரிவு 3(f) வேறு. பதறாதீர்கள், முதல் அறிக்கையில் ஆட்சேபணை வருவது சகஜம். பதிலுக்கு 6 மாதம் அவகாசம் உண்டு.

க்ளெய்மைத் திருத்தலாம், ஆனால் ஏற்கனவே எழுதிக் கொடுத்ததற்கு வெளியே ஒரு வரிகூடப் புதிதாகச் சேர்க்க முடியாது. பிரிவு 59. இங்கேதான் அந்தக் குறுக்குவெட்டுப் படம் கைகொடுத்தது. தடிமன் மாறும் தடுப்பு முதல் நாளே காகிதத்தில் இருந்ததால், அதை முதல் க்ளெய்முக்குள் கொண்டுவந்தோம். ‘அப்புறம் சேத்துக்கலாம்’ என்ற அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

பதில் கொடுத்த பிறகு பேட்டன்ட் அதிகாரியின் விசாரணை. வீடியோவில்தான்; அலைச்சல் இல்லை. அன்று காலை கரன்ட் இல்லை, கடை யு.பி.எஸ்ஸில் ஓட்டினோம். அதிகாரி நிதானமானவர். சூடு 50-ஐத் தாண்டும் பை, செல்லை ஏன் கெடுக்கவில்லை என்று ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். என் மனைவி பதில் சொல்லாமல் பையைக் கேமரா முன்னால் பிடித்துத் தகட்டை மடக்கினாள். பை வெளுத்து இறுகியதும் தடுப்பின் இரண்டு பக்கமும் செருகியிருந்த வெப்பமானிகளைக் காட்டினாள். ‘போதும்மா, இதையெல்லாம் எழுத்தில் கொடுத்துடுங்க’ என்றார். எழுத்துப்பூர்வமான வாதத்தை விசாரணை முடிந்து 15 நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். பேசியதோடு விட்டுவிடாதீர்கள்.

விண்ணப்பம் வெளியானதும் உங்கள் முகவரி ஊருக்கே தெரிந்துவிடும். ‘சர்வதேச காப்புரிமைப் பதிவேடு’ என்று முத்திரையெல்லாம் போட்டு டாலரில் பணம் கேட்டுக் கடிதம் வரும். விருது தருகிறோம் என்றும் வரும். அடுப்பு பற்றவைக்க உதவும்.

பேட்டன்டின் 20 வருஷம் விண்ணப்பித்த நாளிலிருந்துதான் ஓடுகிறது, கொடுத்த நாளிலிருந்து இல்லை. புதுப்பிப்புக் கட்டணம் மூன்றாம் வருஷத்துக்கானதிலிருந்து. தனிநபருக்கு ஆறாம் வருஷம் வரை வருஷத்துக்கு 800 ரூபாய், ஏழு முதல் பத்து வரை 2,400, அப்புறம் 4,800, கடைசி ஐந்து வருஷம் 8,000. தாமதமாகக் கிடைத்த பேட்டன்டென்றால், அதுவரை சேர்ந்த கட்டணத்தைப் பதிவேட்டில் ஏறியதிலிருந்து 3 மாதத்துக்குள் மொத்தமாகக் கட்ட வேண்டும். 2024-இல் விதிகளைத் திருத்திய பிறகு, நாலு வருஷத்துக்காவது முன்பணமாக இணையத்தில் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. சான்றிதழ் வந்த சேதி எப்படித் தெரிந்ததோ, அந்தக் கோவை மனுஷர் போன வாரம் கூப்பிட்டார்: ‘வாழ்த்துகள் சார், ரினீவல் நாங்க பாத்துக்கறோம், வருஷத்துக்கு ஒரு சின்ன சார்ஜ்தான்.’ மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி, கட்டியாச்சு என்று சொல்லி வைத்துவிட்டாள்.