மலரில் எழுதாதவர்கள்

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்க மலரில் பிரம்பு வராத நினைவுக் கட்டுரையைக் காண்பது அபூர்வம். கணித சேர் விளாசியது, பிந்தி வந்ததற்கு அதிபர் கொடுத்தது என்று தொடங்கி, "அந்த அடிதான் எங்களை ஆளாக்கியது" என்று முடிப்போம். அடியாத மாடு படியாது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். எழுதுபவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து எழுதுகிற நாங்கள் எல்லோரும் தப்பிப் பிழைத்து வந்தவர்கள். ஓ.எல். பொதுப் பரீட்சை எழுதாமலே நின்றுபோனவர்கள் மலருக்குக் கட்டுரை அனுப்புவதில்லை.

இதை எனக்கு உறைக்கச் செய்தவர் ஓர் உளவியல் பேராசிரியர். நியூயோர்க்கின் ஜோன் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரியைச் சேர்ந்த கேத்தி ஸ்பாட்ஸ் வைடம். நான் அவரிடம் நேரே படித்ததில்லை. இங்கே சிறுவர் நலன் சார்ந்த வேலையில் சேர்ந்து மாலை வகுப்புக்குப் போன காலத்தில், 'சயன்ஸ்' இதழில் 1989 இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை பாடமாக வந்தது. அன்றிலிருந்து அவர் எழுதுவதைத் தேடிப் படித்து வருகிறேன்.

அதற்கு முன்பு நடந்த ஆய்வுகள் பலவற்றில், சிறையில் இருப்பவர்களிடமோ சிகிச்சைக்கு வந்தவர்களிடமோ போய், சிறுவயதில் உங்களை வதைத்தார்களா என்று கேட்டார்கள். வதைபட்டும் ஒழுங்காக வாழ்கிறவர் அந்தக் கணக்குக்குள் வரவே மாட்டார். வைடம் மறுமுனையில் இருந்து, பிள்ளைகளிடமிருந்து தொடங்கினார். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாவட்டம். அங்கே 1967 முதல் 1971 வரை நீதிமன்றத்தில் உறுதியான வழக்குகளில் இருந்து, 11 வயதுக்கு மேற்படாத 908 பிள்ளைகளை எடுத்தார். உடல் வதை, பாலியல் வதை, கவனிப்பாரற்று விடப்பட்டது என்று மூன்று வகை. அவர்களோடு ஒப்பிட, அதே வயது, அதே பால், அதே இனம், ஏறக்குறைய அதே வசதியுள்ள 667 பிள்ளைகளைப் பிறப்புப் பதிவுகளிலும் ஆரம்பப் பாடசாலைப் பதிவுகளிலும் தேடிப் பிடித்தார். பிறகு இரு பகுதியினரும் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று பார்த்தார். பார்த்தது ஓரிரு ஆண்டு அல்ல, பல தசாப்தங்கள்.

வதைபட்ட பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் இளவயதிலேயே கைதாகியிருந்தார்கள். மற்றப் பகுதியில் 17 சதவீதம். வன்முறைக் குற்றத்துக்குக் கைதானவர்கள் 11 சதவீதம், மற்றப் பகுதியில் 8. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் வதைபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வன்முறைக்குப் போகவில்லை என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன.

என்னைத் தூங்கவிடாத எண் வேறு. அடிபட்ட பிள்ளைகளில் வன்முறைக்குக் கைதானவர்கள் 15.8 சதவீதம். யாரும் கைநீட்டாமல், வெறுமனே கவனிக்காமல் விடப்பட்ட பிள்ளைகளில் 12.5 சதவீதம். ஒப்பிட எடுத்த பிள்ளைகளில் 7.9.

எங்கள் வகுப்பில் பின் வாங்கில் ஒருவன் இருந்தான். கொப்பி இல்லாமல் வருவான். கொப்பி இல்லாததற்காக அடி வாங்குவான். வீட்டில் அவனை அடிக்க ஆளில்லை, சோறு போடவும் ஆளில்லை. ஆண்டு எட்டோடு வராமல் நின்றான். சில மாதம் வரவுப் பதிவு இடாப்பில் பெயர் கிடந்தது, அப்புறம் சிவப்பு மையால் வெட்டினார்கள். யாரும் வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை. போர்க்காலம், பிள்ளைகள் காணாமல்போக வேறு காரணங்களும் இருந்தன, உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் போரின் கணக்கில் எழுதிவிடுவது எங்களுக்குச் சுலபமாகிவிட்டது.

வைடம் ஆராய்ந்தது வீட்டில் நடந்த கொடுமையை, பாடசாலைப் பிரம்பை அல்ல. அவருடைய எண்களை எங்கள் வகுப்பறைக்கு அப்படியே பொருத்த முடியாது. பொருத்த வேண்டியது அவர் தேடிய விதத்தை. வென்றவனை மட்டும் கேட்காதே, தோற்றவனை மட்டும் கேட்காதே, இடாப்பில் இருந்த எல்லோரையும் தேடு.

அவர் தேடினார். 1989க்கும் 1995க்கும் இடையில், அந்தப் பிள்ளைகள் சராசரி 29 வயதுக்காரர்களாக இருந்தபோது, 1,196 பேரை நேரில் கண்டு பேசினார்கள். பதிவில் வதை உறுதியாக இருந்தும், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொன்னவர்கள் கணிசமாக இருந்தார்கள். நினைவுக் கட்டுரை எழுதும் எங்களுக்கு இது முக்கியம். நாற்பது தாண்டிய வயதில் இரத்தம் எடுத்து உடல்நலத்தையும் பார்த்தார்கள். சிறுவயதுத் துன்பத்தின் தடம் உடம்பிலும் இருந்தது. படிப்பு, வேலை, மனநலம், குற்றம் எனப் பல பக்கங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, வதைபட்டவர்களில் 22 சதவீதம் பேர் நிமிர்ந்து நின்றிருந்தார்கள். மற்றப் பகுதியில் 41.

2015 இல், வதைபட்டவர் தன் பிள்ளையையும் வதைப்பார் என்ற நம்பிக்கையைச் சோதித்தார். அவர்களுடைய பிள்ளைகள் கவனிப்பின்மைக்கும் பாலியல் வதைக்கும் ஆளாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் அடி தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. அதிகாரிகள் அந்தக் குடும்பங்களைக் கூடுதலாகக் கண்காணித்ததும் பதிவுகளில் தெரிந்தது. தாங்களும் அடித்துவிடுவோமோ என்று பயந்து வாழும் பெற்றோரை வேலையில் நான் நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு இதைச் சொல்லும்போது முகம் மாறும். மறு ஆண்டு, 2016 இல், குற்றவியலுக்கான ஸ்டொக்ஹோம் பரிசு பெற்ற மூவரில் வைடமும் ஒருவர்.

இனி எங்கள் விஷயம். பாடசாலைக்கு என்ன அனுப்பலாம் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் பேச்சு வரும். திறன்பலகையும் விளையாட்டுச் சீருடையும் போகட்டும், நல்லது. கூடவே உளவளத்துணை ஆசிரியருக்குக் கதவு பூட்டிப் பேசக்கூடிய ஓர் அறையும், வராமல் நின்ற பிள்ளையின் வீட்டுக்கு ஒருவர் போய்வர ஆண்டு முழுவதற்குமான பயணச் செலவும் வேண்டும் என்று முன்மொழியப் போகிறேன். வழிமொழிய விரும்புகிறவர்கள் கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.