சூ சிட்டியின் 44 நிமிடங்கள்

ஜூலை 16

யுனைடெட் 232 விமானத்தின் விபத்து அறிக்கையை இன்று மறுபடியும் எடுத்தேன். 1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 296 பேருடன் பறந்துகொண்டிருந்த அந்த டிசி-10 விமானத்தின் வால் எஞ்சினில், 37,000 அடி உயரத்தில் விசிறித் தட்டு (விசிறி இதழ்களைத் தாங்கிச் சுழலும் தட்டு) உடைந்து சிதறியது. அதன் துண்டுகள், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளின் குழாய்களையும் அறுத்துவிட்டன. விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் தகடுகள் எல்லாம் அந்த எண்ணெயின் அழுத்தத்தால்தான் அசையும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்றே மூன்று வைத்திருந்தார்கள்; மூன்றும் சேர்ந்து போனால் என்ன செய்வது என்பதற்குக் கையேட்டில் வழிமுறையே இல்லை.

ஜூலை 17

நேற்றிரவு முழுவதும் டெனிஸ் ஃபிட்ச் நினைவாகவே இருந்தது. பயணியாக வந்திருந்த அவர் டிசி-10 விமானிகளுக்குப் பயிற்சி தருபவர். உதவட்டுமா என்று பணிப்பெண் மூலம் அவர் கேட்டனுப்பியபோது, கேப்டன் ஆல்ஃபிரட் ஹேன்ஸ் தயங்காமல் காக்பிட்டுக்குள் அழைத்துக்கொண்டார். விமானம் ஓயாமல் வலப்பக்கம் சாய்ந்துகொண்டும், மூக்கு மேலெழுந்து தாழ்ந்துகொண்டும் இருந்தது. மிஞ்சிய இரண்டு எஞ்சின்களின் த்ராட்டில்களை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்களை) கைக்கொன்றாகப் பிடித்து, ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்து, அந்தச் சாய்வை ஃபிட்ச் நிமிர்த்திக்கொண்டே வந்தார். துணை விமானி வில்லியம் ரெக்கார்ட்ஸும் பொறியாளர் டட்லி டுவோராக்கும் ஆளுக்கொரு பொறுப்பை ஏற்றிருந்தார்கள். காக்பிட்டில் இருந்த நால்வருக்கும் சேர்த்து 103 ஆண்டுப் பறக்கும் அனுபவம் இருந்தது என்றும், மற்ற மூவரைவிடத் தனக்கு மட்டும் அதிகம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் என்ன என்றும் ஹேன்ஸ் பிற்காலத்தில் கேட்டார். தன் விமானத்தின் த்ராட்டிலை இன்னொருவர் கையில் கொடுக்கத் துணிந்த அந்த மனத்தைத்தான் நான் வீரம் என்பேன்.

ஜூலை 18

அவசரமாக இறங்க அவர்கள் நாடியது அயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையத்தை. எந்த ஓடுபாதையிலும் இறங்கலாம் என்று அங்கிருந்த தரைக் கட்டுப்பாட்டு அதிகாரி சொன்னபோது, ஓடுபாதையில்தான் இறங்க வேண்டும் என்கிறீர்களா என்று ஹேன்ஸ் சிரித்தபடி கேட்டிருக்கிறார். அந்த நேரத்திலும் அந்தக் குரலில் பதற்றம் இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது.

ஜூலை 19

மூடிக் கிடந்த 22-ஆம் ஓடுபாதையையே விமானம் நோக்கி வந்ததால், அங்கே நின்ற தீயணைப்பு வண்டிகளை அவசரமாக விலக்கினார்கள். பறக்கும் வேகத்தையும் கீழிறங்கும் வேகத்தையும் குறைக்க வழியில்லை. எஞ்சின் சிதறி 44 நிமிடங்களுக்குப் பிறகு, வலது இறக்கையின் நுனி முதலில் தரையில் மோத, விமானம் உடைந்து, தீப்பிடித்து, ஒரு பகுதி மக்காச்சோள வயலில் போய் விழுந்தது. 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். அதே நிலைமையை சிமுலேட்டரில் (தரையிலிருந்தே பறப்பைப் பழகும் கருவியில்) அமைத்து மற்ற விமானிகள் முயன்று பார்த்தபோது, பத்திரமாகத் தரையிறக்க முடியவில்லை. ஹேன்ஸும் பிழைத்தார், இறந்தவர்களின் நினைவைப் பல ஆண்டுகள் சுமந்தபடியே ஊர் ஊராகச் சென்று அந்த நாளைப் பற்றிப் பேசினார். 2019 ஆகஸ்ட் 25 அன்று காலமானார்.

உடைந்த விசிறித் தட்டு, விபத்து நடந்து மூன்று மாதங்களுக்குப் பிறகு, அயோவாவின் ஆல்டா அருகே அறுவடை செய்துகொண்டிருந்த விவசாயி ஒருவரின் வயலில் கிடைத்தது.