கொம்பு முதலில் வந்த காலம்

தமிழ் டைப்ரைட்டரில் 'கொ' அடிக்க மூன்று முறை தட்ட வேண்டும்: முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் விரல் போகும். பழைய வண்ணாரப்பேட்டை ஜாப் டைப்பிங் கடையில் மனுவும் வாடகை ஒப்பந்தமும் அடித்து அப்படித்தான் என் கை பழகியது.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தது. அதில் க அடித்த பிறகு ஒ அடித்தால் 'கொ'. மெய்க்குப் பின்னால்தான் உயிர் தோன்றும் என்று தொல்காப்பியம் சொன்ன முறை அப்படியே விரலுக்கு வந்துவிட்டது! 'அம்மா' என்று அடிக்கும்போது ம இரண்டு முறை வந்தால், முதல் ம தானே புள்ளி வைத்துக்கொள்ளும். ங-வை அடுத்துக் க, ந-வை அடுத்துத் த வந்தாலும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் இன எழுத்து என்று மனப்பாடம் செய்தோமே, அது விசைப்பலகைக்குள் உட்கார்ந்திருந்தது. இன்றைக்கும் எனக்கு அது வியப்புதான்.

இப்போது விரல்கூட வேண்டாம். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர், முதியோர் பென்ஷன் நின்றுபோனதற்கு மனு கொடுக்க வந்தார். முன்பெல்லாம் "நீயே நல்லா எழுதிடுப்பா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். 'மேற்படி', 'தங்களின் மேலான கவனத்திற்கு' என்று தட்டச்சுக்காரன் மொழியில் அவர்கள் கஷ்டம் போய்ச் சேரும். இவரோ பேத்தியின் போனில் மைக்கை அழுத்தித் தானே பேசி, எழுத்தாக்கிக் கொண்டுவந்திருந்தார். "பேங்குல கேட்டா ஆபீசுக்குப் போன்றாங்க, ஆபீசுல கேட்டா பேங்குக்குப் போன்றாங்க. கால் வலியோட எத்தினி வாட்டி நடக்கறது ஐயா?"

எங்கள் பக்கத்துப் பேச்சு போனுக்கு முழுக்கப் பிடிபடவில்லை. சில இடங்களில் வேறு எதையோ போட்டிருந்தது. அவரிடம் கேட்டுக் கேட்டுச் சரிசெய்தேன். பெறுநர், பொருள், பென்ஷன் எண், நின்றுபோன மாதம் எல்லாம் முறைப்படி மேலே. நடுவில் அவர் பேசியது அப்படியே.

"அதிகாரிக்கு இப்படி எழுதலாமாண்ணா?" என்று கடைப் பையன் கேட்டான். தாராளமாக எழுதலாம். கோப்புக்கு வேண்டிய விவரம் மேலே இருக்கிறது. அந்தக் கால்வலியை அவரைவிடத் தெளிவாகச் சொல்ல என்னால் முடியாது. இப்போதெல்லாம் மனுவுக்கு வருகிறவர்களை முதலில் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்ட பிறகுதான் தட்டச்சுக்கு உட்காருகிறேன்.